இங்கிலீஷ் இலக்கணச் சொற்களை எந்த வரிசையில் பிடிப்பது? ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஒரு வழிகாட்டி

"நவுன் என்றால் என்ன?" என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டாகவே பாடிவிடுவார்கள்: ஆள், இடம், பிராணி, பொருள் இவற்றின் பெயர். அதே பிள்ளையிடம் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் காட்டி, "இதில் வெர்ப் எதெல்லாம் என்று அடிக்கோடு போடு" என்றால் பேனா நகராது. விளக்கம் மனப்பாடமாக இருக்கிறது, ஆளைத்தான் அடையாளம் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், பாதிக் குறை வரிசையில் இருக்கிறது. நவுனில் தொடங்கி இன்டர்ஜெக்ஷனில் முடிகிற பழைய பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தால், வாக்கியம் எப்படி நிற்கிறது என்பது கடைசிவரை பிடிபடாது. இன்னொரு குறை, தமிழ் வகுப்பில் படித்த எழுவாய், பயனிலை, முற்று, எச்சம் எல்லாவற்றையும் இங்கிலீஷ் பீரியடுக்கு வெளியே விட்டுவிட்டு வருவது. அவற்றை உள்ளே கொண்டுவந்தால் இங்கிலீஷ் இலக்கணத்தில் பாதி ஏற்கெனவே தெரிந்ததாகிவிடும். மீதிப் பாதி, தமிழோடு ஒத்துப்போகாத இடங்கள். மார்க் போவது பெரும்பாலும் அங்கேதான்.

தொடங்கும் முன் ஒரு வேலை. கீழே உதாரண வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பெல்லிங் பயிற்சியும் அதோடு நடந்துவிடும்.

முதல் படி: வெர்ப்பைப் பிடியுங்கள்

'வெர்ப் என்பது செயலைக் குறிக்கும் சொல்' என்ற விளக்கத்தை நம்பி இறங்கினால் வழுக்கும். 'ஹி ஸ்கோர்ட் எ ரன்' என்ற வாக்கியத்தில் வெர்ப் எது என்று கேட்டால் பலர் 'ரன்' என்பார்கள். ஓடுவது செயல்தானே? ஆனால் இங்கே 'ரன்' என்பது ஸ்கோர்போர்டில் ஏறும் ஒரு பொருள், அது நவுன்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. வாக்கியத்தின் முன்னால் 'எவ்ரி டே' என்று போட்டுப் படியுங்கள், அப்புறம் 'யெஸ்டர்டே' என்று போட்டுப் படியுங்கள். எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் வெர்ப். 'எவ்ரி டே மை அங்கிள் டிரைவ்ஸ் எ லாரி.' 'யெஸ்டர்டே மை அங்கிள் ட்ரோவ் எ லாரி.' மாமாவும் மாறவில்லை, லாரியும் மாறவில்லை. 'டிரைவ்ஸ்' மட்டும் 'ட்ரோவ்' ஆனது. கிரிக்கெட் வாக்கியத்திலும் செய்து பாருங்கள். 'ஸ்கோர்ஸ்', 'ஸ்கோர்ட்' என்று மாறும். 'ரன்' அப்படியே கிடக்கும்.

'இஸ்', 'ஆம்', 'ஆர்' இவற்றில் செயலே இல்லை. ஆனாலும் 'இஸ்' நேற்றைக்கு 'வாஸ்' ஆகிவிடுகிறது, அதனால் அது வெர்ப். இந்த இடத்தில் தமிழ் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். 'அவர் டாக்டர்' என்று தமிழில் வினையே இல்லாமல் முழு வாக்கியம் சொல்லலாம். பெயர்ப் பயனிலை என்று படித்திருப்பீர்கள். இங்கிலீஷில் அதற்கு வழியில்லை. 'ஹி டாக்டர்' நிற்காது; 'ஹி இஸ் எ டாக்டர்' என்றுதான் எழுத வேண்டும்.

சில சமயம் வெர்ப் கூட்டமாக வரும். 'ஷி ஹேஸ் பீன் வெய்ட்டிங்' என்பதில் 'வெய்ட்டிங்' மெயின் வெர்ப். 'ஹேஸ்', 'பீன்' இரண்டும் ஆக்ஸிலரி, அதாவது துணைவினை. 'கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட்' இவை மோடல். மோடலுக்குப் பின்னால் வரும் வெர்ப் மொட்டையாகத்தான் வரும்: 'கேன் கோ' சரி, 'கேன் கோஸ்', 'கேன் வென்ட்' தப்பு.

இப்போது ஃபைனைட், நான்ஃபைனைட். வகுப்பில் கேட்கும்போது மிரட்டலாக இருக்கும், ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதல்ல. 'வந்தான்' வினைமுற்று, வாக்கியத்தை முடிக்கும். 'வந்து' வினையெச்சம், முடிக்காது. ஃபைனைட் வெர்ப் ஏறக்குறைய முற்று. நான்ஃபைனைட் ஏறக்குறைய எச்சம். நான்ஃபைனைட்டில் மூன்று வகை. 'டு ஈட்', 'டு கோ' என்று 'டு' போட்டு வருவது இன்ஃபினிட்டிவ். 'ஸ்விம்மிங் இஸ் ஈஸி' என்பதில் 'ஸ்விம்மிங்' நம் 'நீந்துதல்' போன்ற தொழிற்பெயர்; அது ஜெரன்ட். 'த கர்ல் சிட்டிங் தேர்' என்பதில் 'சிட்டிங்' அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறது, அது பார்ட்டிசிபிள். ஜெரன்ட்டும் பார்ட்டிசிபிளும் 'இங்' போட்டு ஒரே மாதிரி இருப்பதால்தான் குழப்பம். பெயர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஜெரன்ட், இன்னொரு பெயரை விவரித்தால் பார்ட்டிசிபிள்.

இந்தப் படியில் ஒரு வாரம் செலவழித்தாலும் தப்பில்லை. பின்னால் வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டாம் படி: சப்ஜெக்ட்

வெர்ப் கிடைத்ததும் அதைப் பார்த்து 'யார்?' அல்லது 'எது?' என்று கேளுங்கள். வருகிற பதில் சப்ஜெக்ட், நம் எழுவாய். 'ட்ரோவ்', யார்? 'மை அங்கிள்.'

தமிழில் 'நேற்று வந்தேன்' என்றால் போதும். 'ஏன்' என்ற விகுதியே 'நான்' என்பதைச் சொல்லிவிடும். இங்கிலீஷ் வெர்ப்புக்கு அந்த விகுதி இல்லை. 'கேம்' என்றால் நான் வந்ததா, அவர்கள் வந்ததா, மாடு வந்ததா, யாருக்கும் தெரியாது. அதனால் சப்ஜெக்ட்டை விடவே கூடாது, கட்டளை வாக்கியம் தவிர. சப்ஜெக்ட் என்று யாருமே இல்லாவிட்டால்கூட ஒரு டம்மியை நிறுத்துவார்கள்: 'இட் இஸ் ரெய்னிங்', 'இட் இஸ் டென் ஓ கிளாக்'. அந்த 'இட்' எதைக் குறிக்கிறது என்று தேட வேண்டாம், எதையும் குறிக்கவில்லை.

சப்ஜெக்ட்டும் வெர்ப்பும் ஒத்துப்போவது அக்ரிமென்ட். சில புத்தகங்களில் கான்கார்டு என்றிருக்கும். நவுனில் 'எஸ்' சேர்த்தால் பன்மை. சிம்பிள் பிரசென்ட் வெர்ப்பில் 'எஸ்' வந்தால் ஒருமை. 'த பாய் ரன்ஸ்', 'த பாய்ஸ் ரன்.' பெரும்பாலும் இரண்டில் ஒன்றுக்குத்தான் 'எஸ்' என்று நினைவில் வையுங்கள்.

தேர்வில் கேட்கப்படுவது இதைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். 'த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் இஸ் ஹெவி.' வெர்ப்புக்குப் பக்கத்தில் 'மேங்கோஸ்' நிற்பதால் கை தானாக 'ஆர்' என்று எழுதும். கனமாக இருப்பது பெட்டி. 'ஆஃப்' தொடங்கி வருகிற பகுதியை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் விடை தெரிந்துவிடும். 'ஈச் ஆஃப் த பாய்ஸ் ஹேஸ் எ சைக்கிள்' என்பதும் அதே கதை: 'ஈச்' ஒருமை.

மூன்றாம் படி: எஸ், வி, ஓ, சி, ஏ

தமிழ்நாட்டில் படித்த எவரும் சென்டென்ஸ் பேட்டர்ன் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட், அட்ஜங்க்ட். இதில் தடுமாறுவது ஆப்ஜெக்ட்டுக்கும் காம்ப்ளிமென்ட்டுக்கும் இடையில்.

'ஷி மெட் எ டீச்சர்' என்பதில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள்: அவளும், அவள் சந்தித்த டீச்சரும். 'ஷி பிகேம் எ டீச்சர்' என்பதில் ஒரே ஆள். வெர்ப்புக்குப் பின்னால் வருவது வேறு ஆளாகவோ வேறு பொருளாகவோ இருந்தால் பெரும்பாலும் ஆப்ஜெக்ட். சப்ஜெக்ட் யார், எப்படிப்பட்டது என்றே சொன்னால் காம்ப்ளிமென்ட். ஆப்ஜெக்ட் நம் செயப்படுபொருள், 'ஐ' உருபு ஏற்கும்: 'டீச்சரைச் சந்தித்தாள்'. 'டீச்சரை ஆனாள்' என்று யாரும் சொல்வதில்லை. இந்த உருபுச் சோதனை பெரும்பாலான வாக்கியங்களில் கைகொடுக்கும்.

'மை ஆன்ட் கேவ் மி எ பென்' என்பதில் இரண்டு ஆப்ஜெக்ட். எதைக் கொடுத்தாள்? பேனாவை, அது டைரக்ட். யாருக்குக் கொடுத்தாள்? எனக்கு, அது இன்டைரக்ட். 'ஐ' உருபு, 'கு' உருபு, அவ்வளவுதான். எப்போது, எங்கே, எப்படி என்ற கேள்விக்குப் பதிலாக வந்து, எடுத்துவிட்டாலும் வாக்கியம் சாயாமல் நின்றால் அது அட்ஜங்க்ட்.

ஆப்ஜெக்ட் கேட்கிற வெர்ப் டிரான்சிட்டிவ், கேட்காதது இன்டிரான்சிட்டிவ். தமிழில் செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை. 'டிஸ்கஸ்' டிரான்சிட்டிவ் என்று தெரிந்தவர் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுத மாட்டார், நேராக 'டிஸ்கஸ் த பிராப்ளம்' என்பார். தமிழில் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு 'அபௌட்' தானாக வந்துவிடுகிறது, கவனம்.

நான்காம் படி: பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், வேகமாக

தமிழில் சொல் நான்கு வகை: பெயர், வினை, இடை, உரி. இங்கிலீஷில் வழக்கமாக எட்டு: நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், ப்ரிபோசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன். இப்போதைய பாடங்களில் 'எ', 'த', 'திஸ்', 'மை' போல நவுனுக்கு முன்னால் வரும் சொற்களை டிடர்மினர் என்று தனியாகச் சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சொல்லைத் தனியாகப் பார்த்து வகை சொல்ல முடியாது, அது வாக்கியத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். 'வாட்டர்' நவுன்தான், ஆனால் 'ஷி வாட்டர்ஸ் த பிளான்ட்ஸ்' என்பதில் வெர்ப். 'எ ஃபாஸ்ட் பஸ்' என்பதில் 'ஃபாஸ்ட்' அட்ஜெக்டிவ். 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் அட்வெர்ப்.

ஆர்ட்டிகிளுக்கு மட்டும் கொஞ்சம் நின்று போவோம். 'எ' வருமா, 'ஆன்' வருமா என்பது எழுத்தைப் பொறுத்ததல்ல, ஒலியைப் பொறுத்தது என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த ஆங்கிலச் சொல்லைச் சரியான உச்சரிப்போடு தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரெழுத்து என்றால் 'ஆன்', உயிர்மெய்யோ மெய்யோ என்றால் 'எ'. 'அம்ப்ரெல்லா': 'அ', உயிர், ஆகவே 'ஆன்'. 'யூனிஃபார்ம்': 'யூ', உயிர்மெய், ஆகவே 'எ'. ஆங்கிலத்தில் இரண்டுமே ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன, ஆனால் தமிழில் எழுதியதும் பிரிந்துவிடுகின்றன. ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்', நேர்மையைக் குறிக்கும் 'ஆனஸ்ட்' இரண்டிலும் முதல் எழுத்து ஊமை. தமிழில் எழுதும்போது அந்த ஊமை எழுத்து காணாமலே போய்விடுகிறது: 'ஆன் அவர்', 'ஆன் ஆனஸ்ட் மேன்'.

இந்த வழி சறுக்குவது நம் நாக்கு உச்சரிப்பை மாற்றும் இடங்களில்தான். 'எம்.எல்.ஏ.' என்பதைப் பேச்சில் 'யெம்மெல்லே' என்கிறோம். அப்படி எழுதினால் 'எ' போடத் தோன்றும். சரியான உச்சரிப்பு 'எம்', ஆகவே 'ஆன் எம்.எல்.ஏ.' இதற்கு நேர்மாறு 'ஒன்'. நாம் 'ஒன்' என்று சொன்னாலும் ஆங்கிலத்தில் அது 'வன்'. ஆகவே 'எ வன்-வே ஸ்ட்ரீட்'.

'த' எப்போது? 'ஐ சா எ டாக். த டாக் வாஸ் லிம்ப்பிங்.' முதல் தடவை 'ஒரு நாய்', அடுத்த தடவை 'அந்த நாய்'. எந்த நாய் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிட்டால் 'த'. சூரியன், நிலா மாதிரி ஒன்றே ஒன்று என்றாலும் 'த'.

ப்ரிபோசிஷன் நவுனுக்கு முன்னால் நிற்கும். தமிழ் உருபு பின்னால் ஒட்டும். 'மேசைமேல்' என்பது 'ஆன் த டேபிள்' என்று திரும்பி நிற்கிறது. எந்தச் சொல்லுக்கு எந்த ப்ரிபோசிஷன் என்பதற்குப் பெரிய தர்க்கம் எதுவும் கிடையாது. 'மேரீட் டு', 'குட் அட்', 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'டிபென்ட் ஆன்' என்று ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். மனப்பாடம் நியாயமாகத் தேவைப்படுகிற இடம் இது.

ஐந்தாம் படி: ஃப்ரேஸ், கிளாஸ், அப்புறம் மூன்று வகை வாக்கியம்

சொற்கள் சேர்ந்து, உள்ளே ஃபைனைட் வெர்ப் இல்லாமல் இருந்தால் ஃப்ரேஸ். சப்ஜெக்ட்டும் ஃபைனைட் வெர்ப்பும் இருந்தால் கிளாஸ். 'ஆஃப்டர் த மேட்ச்' ஃப்ரேஸ். 'ஆஃப்டர் த மேட்ச் எண்டட்' கிளாஸ். முதல் படி நன்றாக வந்திருந்தால் இது ஒரு நிமிட வேலை.

தனியாக நிற்கக்கூடிய கிளாஸ் மெயின். இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்பது சபார்டினேட். 'பிகாஸ் ஐ வாஸ் லேட்' என்று யாராவது சொல்லி நிறுத்தினால் 'சரி, அதனால்?' என்று கேட்போம் இல்லையா, அது சபார்டினேட்.

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் மாற்றச் சொல்லும் கேள்விக்கு ஒரே செய்தியை மூன்று விதமாக எழுதிப் பழகுங்கள்:

'இன் ஸ்பைட் ஆஃப் த ரெய்ன், தே பிளேட்.' ஃபைனைட் வெர்ப் ஒன்றே ஒன்று: சிம்பிள்.
'இட் ரெய்ன்ட், பட் தே பிளேட்.' இரண்டு மெயின் கிளாஸ், நடுவில் 'பட்': காம்பவுண்ட்.
'ஆல்தோ இட் ரெய்ன்ட், தே பிளேட்.' ஒன்று மெயின், ஒன்று சபார்டினேட்: காம்ப்ளெக்ஸ்.

காம்பவுண்டை இணைப்பது 'அண்ட், பட், ஆர், ஸோ, யெட், நார், ஃபார்' என்ற ஏழு கோஆர்டினேட்டிங் கன்ஜங்ஷன்கள். காம்ப்ளெக்ஸுக்கு 'பிகாஸ், இஃப், வென், ஆல்தோ, சின்ஸ், அன்டில்' போன்றவை. 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் திரும்பவும் 'பட்' போடாதீர்கள். ஒரு இணைப்புக்கு ஒரு கன்ஜங்ஷன் போதும்.

'ஹூ', 'விச்', 'தட்' கொண்டு வருவது ரெலட்டிவ் கிளாஸ். தமிழில் இதே வேலையைப் பெயரெச்சம் செய்கிறது: 'நேற்று வந்த பையன்'. விவரம் முன்னால், பையன் பின்னால். இங்கிலீஷில் பையன் முதலில் வந்துவிடுவான்: 'த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'. கமா இங்கே பொருளையே மாற்றும். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ நர்ஸ்' என்று கமா இல்லாமல் எழுதினால், எனக்கு வேறு சகோதரர்களும் உண்டு, மதுரைக்காரர் நர்ஸ் என்று பொருள். 'பிரதர்' என்ற சொல்லுக்குப் பின்னும் 'மதுரை'க்குப் பின்னும் கமா போட்டால் எனக்கு ஒரே சகோதரர், அவர் மதுரையில் இருப்பது கூடுதல் தகவல்.

ஆறாம் படி: சிவப்பு மை விழும் மூன்று இடங்கள்

கட்டுரை நோட்டில் ஆசிரியர் ஓரத்தில் எழுதும் பெயர்கள் இவை. ஃப்ராக்மென்ட் என்றால் அரைகுறை வாக்கியம். சபார்டினேட் கிளாஸை மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்திருப்பீர்கள். ரன்-ஆன் என்றால் இரண்டு முழு வாக்கியங்கள் நடுவில் எதுவுமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் வெறும் கமா மட்டும் இருந்தால் கமா ஸ்ப்ளைஸ்.

தமிழ்ப் பிள்ளைகளின் கட்டுரையில் கமா ஸ்ப்ளைஸ் ஏன் இவ்வளவு விழுகிறது என்பதற்கு என் கணிப்பு இது. 'காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பள்ளிக்குப் போனேன்' என்பது அருமையான தமிழ். மூன்று எச்சம், கடைசியில் ஒரு முற்று. இதை இங்கிலீஷில் போடும்போது எச்சங்கள் எல்லாம் முற்றாகிவிடுகின்றன, கமாக்கள் மட்டும் அப்படியே வந்துவிடுகின்றன: 'ஐ காட் அப், ஐ பேத்ட், ஐ ஏட், ஐ வென்ட் டு ஸ்கூல்.' இப்போது இது கமாவால் ஒட்டிய நான்கு வாக்கியம். சரிசெய்வது சுலபம்: சப்ஜெக்ட்டை ஒரு தடவை மட்டும் சொல்லி, கடைசி வெர்ப்புக்கு முன் 'அண்ட்' போடுங்கள். 'ஐ காட் அப், பேத்ட், ஏட் அண்ட் வென்ட் டு ஸ்கூல்.' வேறு இடங்களில் கமாவை முற்றுப்புள்ளியாக்கலாம், செமிகோலன் வைக்கலாம், இல்லையென்றால் ஒரு கிளாஸை 'வென்', 'பிகாஸ்' போட்டுச் சாய்க்கலாம்.

மூன்றாவது டேங்ளிங் மாடிஃபையர். 'வாக்கிங் டு ஸ்கூல், எ டாக் பிட் மி' என்று எழுதினால் பள்ளிக்கு நடந்து போனது நாய். முன்னால் வரும் 'இங்' ஃப்ரேஸின் ஆள் யாரோ அவர்தான் கமாவுக்கு அடுத்து சப்ஜெக்ட்டாக வர வேண்டும்: 'வாக்கிங் டு ஸ்கூல், ஐ வாஸ் பிட்டன் பை எ டாக்.' வினையெச்சத்துக்கும் முற்றுக்கும் பொதுவாக ஒரே எழுவாய் என்று தமிழில் படித்தோமே, கிட்டத்தட்ட அதே விதி.

ஏழாம் படி: டென்ஸ், வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச்

பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. முதலில் சிம்பிள் பிரசென்ட், பிரசென்ட் கன்டினியூவஸ், சிம்பிள் பாஸ்ட், பிரசென்ட் பெர்ஃபெக்ட், பாஸ்ட் பெர்ஃபெக்ட், அப்புறம் 'வில்'. இந்த ஆறு போதும், கட்டுரையை ஓட்டிவிடலாம். பிரசென்ட் பெர்ஃபெக்ட்டோடு 'யெஸ்டர்டே' சேராது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' தப்பு. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே' சரி. கதை சொல்லும்போது பாஸ்டில் தொடங்கி நடுவில் காரணமில்லாமல் பிரசென்ட்டுக்குத் தாவினால் அதற்குப் பெயர் டென்ஸ் ஷிஃப்ட்.

ஆக்டிவ் வாய்ஸ் செய்வினை, பாஸிவ் வாய்ஸ் செயப்பாட்டு வினை. சூத்திரம்: 'பி' வெர்ப்பின் ஏதாவது ஒரு வடிவம், கூடவே வெர்ப்பின் மூன்றாம் வடிவமான பாஸ்ட் பார்ட்டிசிபிள். 'தே லெய்ட் த ரோட் இன் மார்ச்' என்பது 'த ரோட் வாஸ் லெய்ட் இன் மார்ச்' ஆகும். யார் போட்டார்கள் என்பது தெரியாவிட்டாலோ முக்கியமில்லாவிட்டாலோ பாஸிவ் நல்லது. மற்றபடி கட்டுரை முழுக்க பாஸிவாக எழுதினால் அரசாங்கச் சுற்றறிக்கை வாசம் அடிக்கும். ஆப்ஜெக்ட் இல்லாத வெர்ப்புக்கு இப்படிப்பட்ட மாற்றம் கிடையாது. 'ஹி ஸ்லெப்ட்' என்பதை மாற்றச் சொன்னால் மாற்ற முடியாது.

டைரக்ட் ஸ்பீச் நேர்க்கூற்று, இன்டைரக்ட் அயற்கூற்று. மேற்கோள் குறி போகும், 'நான்' 'அவன்' ஆகும், 'இன்று' 'அன்று' ஆகும். இதெல்லாம் தமிழிலும் உண்டு. இங்கிலீஷில் கூடுதலாக டென்ஸ் ஒரு படி பின்னால் போகும். 'ஹி செட், "ஐ ஆம் பிஸி டுடே"' என்பது 'ஹி செட் தட் ஹி வாஸ் பிஸி தட் டே' ஆகும். 'சூரியன் கிழக்கில் உதிக்கிறது' போன்ற என்றைக்கும் உண்மையான செய்திகளில் டென்ஸை மாற்ற வேண்டியதில்லை.

எட்டாம் படி: கட்டுரை எழுதும் சொற்கள்

டாபிக் என்பது எதைப் பற்றி. தீசிஸ் ஸ்டேட்மென்ட் என்பது அதைப் பற்றி நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள். 'எங்கள் ஊர் கண்மாய்' என்பது டாபிக். 'எங்கள் ஊர் கண்மாயில் மூன்று மாதம்கூடத் தண்ணீர் நிற்காததற்கு மழைக் குறைவு காரணமல்ல. வரத்துக் கால்வாய் அடைபட்டதுதான் காரணம்' என்பது தீசிஸ். ஒருவர் மறுத்துப் பேச இடமிருந்தால் அது தீசிஸ். 'ஐ ஆம் கோயிங் டு ரைட் அபௌட் அவர் டேங்க்' என்பது தீசிஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அடித்துவிடுங்கள்.

தீசிஸ் முழுக் கட்டுரைக்கு. டாபிக் சென்டென்ஸ் ஒரு பத்திக்கு. கண்மாய்க் கட்டுரையின் இரண்டாம் பத்தி, 'த சேனல் ஹேஸ் நாட் பீன் கிளியர்ட் ஃபார் இயர்ஸ்' என்று தொடங்கலாம். அதற்குக் கீழே வருவதெல்லாம் சப்போர்ட்டிங் டீட்டெய்ல்: கால்வாயில் என்ன கிடக்கிறது, எந்த இடத்தில் அடைப்பு, பக்கத்து வயல்காரர் என்ன சொன்னார். அவற்றில் கண்ணால் பார்த்தது, எண்ணிக்கை, ஒருவர் சொன்னது ஆகியவை எவிடென்ஸ். அதே பத்திக்குள் கண்மாயில் மீன் பிடித்த கதை வந்தால் பத்தியின் யூனிட்டி போய்விட்டது; அதை வேறு பத்திக்கு அனுப்புங்கள்.

'ஹௌவெவர்', 'தேர்ஃபோர்', 'ஃபார் எக்ஸாம்பிள்' இவை லிங்கர் அல்லது டிரான்சிஷன். பலர் வாக்கியத்துக்கு ஒன்றாகத் தூவுகிறார்கள். இரண்டு வாக்கியத்துக்கும் இடையே உண்மையில் முரண் இருந்தால்தான் 'ஹௌவெவர்'. இன்னொன்று, 'ஹௌவெவர்' கன்ஜங்ஷன் அல்ல. கமா வைத்து அதைக்கொண்டு இரண்டு வாக்கியங்களை இணைத்தால் மறுபடியும் கமா ஸ்ப்ளைஸ்தான்.

தமிழ்க் கட்டுரையில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு எழுதிப் பழகியிருப்பீர்கள். இங்கிலீஷ் கட்டுரையில் பொதுவாக அந்தத் தலைப்புகளை எழுதுவதில்லை. பத்தி பிரிவதே அந்த வேலையைச் செய்யும்.

எழுதி முடித்தபின் ரிவைஸ், எடிட், ப்ரூஃப்ரீட் என்று மூன்று சொல் வரும். ரிவைஸ் என்றால் கருத்தையும் வரிசையையும் மாற்றுவது, எடிட் என்றால் வாக்கியங்களைச் செப்பனிடுவது, ப்ரூஃப்ரீட் என்றால் ஸ்பெல்லிங்கும் புள்ளியும் பார்ப்பது. இதே வரிசையில் செய்யுங்கள். வெட்டப்போகிற பத்தியில் ஸ்பெல்லிங் பார்ப்பது வீண் வேலை.

ஒன்பதாம் படி: கவிதைக் கேள்விகள்

சிமிலி உவமை: 'லைக்' அல்லது 'ஆஸ்' இருக்கும், நம் 'போல' மாதிரி. மெட்டஃபர் உருவகம்: போல போய்விடும், இதுவே அது. இந்த இரண்டும் தமிழோடு அப்படியே பொருந்தும். அடுத்தவற்றில் கொஞ்சம் நிதானம் தேவை.

அலிட்டரேஷன் நம் மோனைக்கு நெருக்கம். ஆனால் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்க வேண்டும். 'நைஃப்', 'கிங்' இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் இல்லை. 'நைஃப்', 'நைட்' என்றால் உண்டு.

ரைம் என்றதும் 'எதுகை' என்று எழுதுகிறார்கள். எதுகை சொல்லின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அடியின் கடைசியில் ஒலி ஒத்துவரும் ரைமுக்கு நெருக்கமானது இயைபு. ரைம் ஸ்கீம் குறிக்கும்போது முதல் அடியின் கடைசி ஒலிக்கு 'ஏ' என்று போடுங்கள். அதே ஒலி திரும்பினால் மறுபடி 'ஏ', புது ஒலி வந்தால் 'பி'. இங்கேயும் ஸ்பெல்லிங்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். 'லவ்', 'மூவ்' எழுத்தில் ஒத்திருக்கும், ஒலியில் ஒத்திராது.

பெர்சானிஃபிகேஷன் என்றால் மனிதரல்லாததற்கு மனிதக் குணம் தருவது. இதைத் தற்குறிப்பேற்ற அணி என்று எழுதுபவர்கள் உண்டு, முழுக்கச் சரியில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் 'வராதீர்கள்' என்று கை காட்டி மறிப்பதுபோல அசைகின்றன. கொடிக்குக் கை இருப்பது மட்டும் பெர்சானிஃபிகேஷன். இயல்பாகக் காற்றில் அசைந்ததற்குக் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிக் காரணம் சொல்கிறாரே, அதுதான் தற்குறிப்பேற்றம். ஒன்றுக்குள் ஒன்று வரலாம், இரண்டும் ஒன்றல்ல.

ஹைப்பர்போலி மிகைப்படுத்திச் சொல்வது. ஆக்ஸிமோரான் பக்கத்துப் பக்கத்தில் முரண்பட்ட இரண்டு சொற்கள் வருவது. ஆனமட்டோபியா ஒலியையே சொல்லாக்குவது: 'சலசல' ஆகும், 'பளபள' ஆகாது, பளபளப்பதற்குச் சத்தம் இல்லை. விடை எழுதும்போது பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எது எதோடு ஒப்பிடப்படுகிறது என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள்.

பயிற்சி எப்படி?

பாடப் புத்தகத்தின் உரைநடைப் பகுதியில் தினம் ஒரு பத்தி. பென்சிலால் ஃபைனைட் வெர்ப்பைச் சுற்றி வட்டம், சப்ஜெக்ட்டுக்கு அடிக்கோடு, சபார்டினேட் கிளாஸுக்கு அடைப்புக்குறி. ஆரம்பத்தில் ஒரு பத்திக்கு அரை மணி ஆகலாம், பரவாயில்லை. நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் எழுதுவதற்குப் பதில் இரண்டு வாக்கியம் எழுதுங்கள்: அது உள்ள ஒன்று, அதுபோலத் தோன்றினாலும் அது இல்லாத ஒன்று. ஜெரன்ட் பக்கத்தில் 'ஸ்விம்மிங் இஸ் ஈஸி', அதன் கீழே 'ஷி இஸ் ஸ்விம்மிங்'. இரண்டாவதில் ஏன் ஜெரன்ட் இல்லை என்று உங்கள் வார்த்தையில் தமிழிலேயே ஒரு வரி எழுதினால் போதும்.

தேர்வு அறையில் பிழை கண்டுபிடிக்கும் கேள்விக்கு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்காதீர்கள். வெர்ப் இருக்கிறதா, சப்ஜெக்ட்டோடு ஒத்துப்போகிறதா, காலச் சொல்லோடு டென்ஸ் சேர்கிறதா, நவுனுக்கு முன் ஆர்ட்டிகிள் சரியா, ப்ரிபோசிஷன் ஜோடி சரியா, இணைப்புச் சொல் இரண்டாக வந்துவிட்டதா என்று இந்த வரிசையில் ஒருமுறை ஓட்டுங்கள். பிழை பெரும்பாலும் முதல் மூன்றிலேயே மாட்டிவிடும்.